விரல் நுனி தொங்கினால் நீவி விடாதீர்கள்

கராத்தே வகுப்பில் என் வலது கை மோதிர விரலின் கடைசிக் கணு தொங்கிப்போனது. ரத்தம் வரவில்லை, பெரிய வீக்கமும் இல்லை, அன்று இரவு தூங்க முடியாத அளவுக்கு வலியும் இல்லை. ஆனாலும் அதைச் சரிசெய்ய நான்கு மாதத்துக்கு மேல் ஆனது, கையிலிருந்து பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அந்தப் பணத்தில் விரலுக்கு உண்மையிலேயே பயன்பட்டது எவ்வளவு என்று பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிகக் கொஞ்சம்தான் தேறியது. முதல் நாளே யாராவது ஒருவர் இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் மிச்சம் அத்தனையும் தப்பியிருக்கும். மும்பையில் தனியாகத் தங்கி, வேலை முடிந்து கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை என்று ஏதாவது ஒரு வகுப்புக்கு ஓடுகிறவர்கள் என் வட்டத்திலேயே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த இரண்டு வாக்கியத்தை நானாவது சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொந்த ஊர் நாகர்கோவில். செம்பூரில் ஒரு பிஜியில் தங்கியிருக்கிறேன், ஃபோர்ட் பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் தினமும் போய் வந்து, உட்கார்ந்தே இருந்து முதுகு பிடித்துக்கொண்டதால்தான் கராத்தேயில் சேர்ந்தேன். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் சாயங்காலம் வகுப்பு. முக்கால்வாசி பிள்ளைகள், மீதி என்னைப் போல முப்பதைத் தாண்டிய சிலர். தரையில் ரப்பர் பாய்களைக் கோத்துப் போட்டிருப்பார்கள். நாள்பட்ட பாய்கள் என்பதால் இணைப்புகள் விலகி, இடையில் கால்விரல் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். சுண்டுவிரலை அதில் மாட்டி நெளித்துக்கொள்ளாத ஆளே வகுப்பில் கிடையாது. "ஊஸ்" என்ற கராத்தே முழக்கத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த அடி வைப்பதுதான் அங்கே முதலுதவி.

அன்று முன் உதைக்குத் தடுப்பு பழகிக்கொண்டிருந்தோம். எதிரே பச்சை பெல்ட் போட்ட ஒரு கல்லூரிப் பெண். அவள் உதைத்த நேரத்தில் என் கை விரிந்த நிலையில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதத்தின் முன்பகுதி நேராக வந்து மோதிர விரலின் நுனியில் இடித்தது. "டக்" என்று ஒரு சின்ன உணர்வு, அவ்வளவுதான். பார்த்தால் விரல் நுனி மட்டும் கீழே குனிந்திருந்தது. நிமிர்த்தச் சொன்னால் நிமிரவில்லை. மற்றக் கையால் தூக்கினால் நேராக நின்றது, விட்டால் மறுபடி குனிந்துகொண்டது. சீனியர் ஒருவர் ஓடிவந்து, "ஜாம் ஆயிருக்கு, இழுத்து விட்டா செட் ஆயிடும்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே விரலைப் பிடித்து இழுத்தார். இன்னொருவர் வலி ஸ்ப்ரேயை அடித்தார். மாஸ்டர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, முடிந்தால் தொடரலாம், முடியாவிட்டால் உட்காரலாம் என்றார். எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். அதில் ஒருவருக்கும் விரலைப் பற்றி எதுவும் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

இரவு அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "வலிக்கல்லேல்லா மக்ளே? பொறவு எதுக்கு ஆஸ்பத்திரி? நல்லெண்ணெய சூடாக்கி நீவி விடு" என்றாள். நாகர்கோவிலில் இருந்திருந்தால் ஆசானிடம் கூட்டிப்போயிருப்பாள். எங்கள் பக்கத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுக்கிற ஆசான்மாரில் பலர் வர்ம வைத்தியமும் பார்ப்பார்கள். அடிக்கக் கற்றுக்கொடுக்கிறவரே அடிபட்டதையும் பார்க்க வேண்டும் என்பது அங்கே பழைய நடைமுறை. அந்த வைத்தியம் எல்லாவற்றுக்கும் சரியா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. ஆனால் களத்தில் நிற்கிற ஒருவருக்காவது காயத்தைப் பற்றிய பொறுப்பு இருந்தது. நகரத்து வகுப்புகளில் சீருடைக்கும் சான்றிதழுக்கும் பெல்ட் தேர்வுக்கும் தனித்தனிக் கட்டணம் இருக்கிறது, முதலுதவி தெரிந்த ஒரு ஆள் மட்டும் இல்லை.

மறுநாள் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்து, "வலிக்குதா?" என்றார். லேசாக என்றேன். சுளுக்கு என்று சொல்லி வலி மாத்திரை எழுதி, கிரேப் பேண்டேஜ் சுற்றச் சொன்னார். விரலை அடிக்கடி மடக்கி நீட்டினால் இறுகிப்போகாது என்றும் சொன்னார். மாத்திரையோடு சேர்த்து அறுநூறு ரூபாய். சொன்னபடியே ரயிலில் உட்கார்ந்து மடக்கி நீட்டிக்கொண்டு வந்தேன். என் காயத்துக்கு இதைவிடக் கெட்ட காரியம் வேறு இல்லை என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

நான் சொல்ல வந்த இரண்டு வாக்கியம் இதுதான்: வலி எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அடிபட்ட மூட்டு தன் வேலையைத் தானே செய்கிறதா என்று பாருங்கள். விரலுக்கு இரண்டு சின்னச் சோதனை போதும், இரண்டும் வீட்டிலேயே செய்யலாம். கையை மேசைமேல் வைத்து, அடிபட்ட விரலின் நடுப்பகுதியை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் நிமிர்த்திப் பாருங்கள். தானாக நிமிராமல், தூக்கிவிட்டால் மட்டும் நேராகிறது என்றால் நீட்டுகிற தசைநாண் அறுந்திருக்கலாம், இல்லையென்றால் எலும்பின் சின்னத் துண்டோடு பிய்ந்திருக்கலாம். இதைத்தான் மாலெட் ஃபிங்கர் என்கிறார்கள், எனக்கு வந்தது இது. அதே போல நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். மடங்கவே இல்லை என்றால் அது உள்ளங்கைப் பக்கத்துத் தசைநாண். ஜூடோவிலும் ஜியு ஜிட்சுவிலும் எதிராளியின் சட்டையைப் பிடித்திருக்கும்போது அவர் பிடுங்கிக்கொண்டு போனால் இப்படி ஆகும், பெரும்பாலும் மோதிர விரலில். ஜெர்சி ஃபிங்கர் என்று பெயர். இதற்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஒரு வாரம், பத்து நாளுக்குள் செய்தால்தான் நல்லது, ஏனென்றால் அறுந்த நாண் உள்ளங்கைப் பக்கமாகச் சுருங்கிப் போய்விடும். "வீக்கம் வத்தட்டும், பாக்கலாம்" என்று காத்திருக்கக் கூடாத காயம் இது. இரண்டில் எது சரியாக வரவில்லை என்றாலும் நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள், முடிந்தால் கை சிகிச்சை நிபுணரிடமே.

நான் எலும்பு டாக்டரிடம் போனது கொஞ்சம் தாமதமாகத்தான். அலுவலகத்தில் ஆடிட் நேரம், லீவு கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக் கதவும் காபி மெஷினும் வைத்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஆலோசனைக் கட்டணம் 1,200, எக்ஸ்ரே 700. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அது 8,000 ரூபாய். எடுத்துக்கொண்டு போனால், நாண் அறுந்திருக்கிறது, நாளாகிவிட்டது, கம்பி போட வேண்டும், எல்லாம் சேர்த்து 70,000 ஆகும், இந்த வாரமே அட்மிட் ஆனால் நல்லது என்றார்கள். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் என் பாலிசியைப் பார்த்துவிட்டு, அட்மிட் ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வரலாம், இதுவரை செலவானது ஓ.பி.டி., அதாவது வெளிநோயாளிக் கணக்கு, அது வராது என்றாள். வெளியே வந்து ஆட்டோவுக்குக்கூடக் கை காட்டாமல் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. விரல் போனால்கூடப் பரவாயில்லை, கூட வந்து ஒரு வார்த்தை கேட்க ஆளில்லையே என்றுதான் அழுகை வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அறுவைச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எலும்புத் துண்டு பிய்ந்திருக்கிறதா, அது மூட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறதா? மூட்டு தன் இடத்தைவிட்டு நழுவியிருக்கிறதா? தோல் கிழிந்த திறந்த காயமா? மாலெட் விரலுக்குப் பொதுவாக இப்படிப்பட்ட நிலைகளில்தான் கத்தியைப் பற்றி யோசிப்பார்கள். மற்றபடி பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும், எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தேவைப்படாது. சில வாரம் கழித்து வந்தவர்களுக்குக்கூட ஸ்ப்ளின்ட், அதாவது விரலை நிமிர்த்தியே வைக்கிற சின்ன உறை, போட்டுப் பார்ப்பார்கள், பலருக்குக் குணமாகவும் செய்யும். இதெல்லாம் எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தெரிந்திருக்க வேண்டியது.

பிஜியில் சமைக்கிற அக்கா தாராவிக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முனிசிபல் ஆஸ்பத்திரிக்குப் போ கண்ணு, அங்க பெரிய டாக்டருங்க இருக்காங்க, வரிசைதான் நீளம்" என்றார். மும்பை மாநகராட்சி நடத்துகிற பெரிய மருத்துவமனைகள் சயான், பரேல் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் எல்லாமே மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவை. இப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான் போனேன். காலையில் எட்டு மணிக்கு முன்னால் கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டு வரிசையில் நின்றுவிட வேண்டும், ஒன்பதுக்குப் போனால் மதியம் தாண்டிவிடும். எலும்பு ஓ.பி.டி.க்கு வாரத்தில் எந்த நாள், கை சிகிச்சைக்கு எந்த நாள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள், திரும்ப எடுக்கச் சொல்ல மாட்டார்கள். வரிசை நீளம்தான், உட்கார இடம் இல்லைதான். ஆனால் உள்ளே இருந்த பயிற்சி டாக்டர் என் விரலைப் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொன்னார். எம்.ஆர்.ஐ. படத்தை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கீழே கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் வாங்கி வரச் சொன்னார். 180 ரூபாய்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், முக்கியம். விரல் நுனி முழுக்க நிமிர்ந்த நிலையில் 6 முதல் 8 வாரம் ஒரு நொடிகூட மடங்கக் கூடாது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் ஸ்ப்ளின்ட் இருக்க வேண்டும். கடைசிக் கணுவுக்கு மட்டும்தான் கட்டு, நடுக்கணுவைத் தாராளமாக மடக்கலாம், மடக்கவும் வேண்டும். அறுந்த நாணின் முனை எலும்போடு மெதுவாக ஒட்டிக்கொண்டு வரும். இடையில் ஒருமுறை மடங்கினால் பசை காய்வதற்குள் ஒட்டிய இடத்தைப் பிரித்துப் பார்த்த கதைதான். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். கிளினிக்கில் சொன்ன "மடக்கி நீட்டு" நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பேப்பரில் தேதியை எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார்.

ஸ்ப்ளின்டைக் கழற்றித் தோலைச் சுத்தம் செய்ய ஒரு முறை இருக்கிறது, தனியாக இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள், விரல் முழுக்க மேசையில் படிந்திருக்க வேண்டும். விரலைத் தூக்காமல், மேசையோடு வைத்தபடியே ஸ்ப்ளின்டை முன்பக்கமாக உருவுங்கள். நுனிக்குக் கீழே மேசையே தாங்கலாக இருக்கும். துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்படியே மாட்டுங்கள். கூட ஒருவர் இருந்தால் அவர் நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். எனக்குக் குளியலறை வாசலில் இருந்த சின்ன ஸ்டூல்தான் துணை. ஒரே அளவில் இரண்டு ஸ்ப்ளின்ட் வாங்கிக்கொள்வது நல்லது, ஒன்று நனைந்தால் இன்னொன்று. எனக்கு இது நடந்தது மழைக்காலத்தில். மும்பை ஜூலையில் துணியே காயாது, ஸ்ப்ளின்டுக்குள் தோல் என்ன ஆகும்? வெள்ளையாக ஊறி, ஓரத்தில் புண்ணாகி, நாற்றம் அடித்தது. பிளாஸ்டர் டேப்புக்குப் பதில் பேப்பர் டேப், உள்ளே ஒரு சுற்று மெல்லிய பருத்தித் துணி, ஆபீஸ் போனதும் ஒரு தடவை காயவைப்பது என்று மாற்றிய பிறகு அடங்கியது.

அன்றாட வேலைகளில் எது படுத்தும் என்று யாரும் சொல்வதில்லை. டைப் செய்வதுகூடப் பழகிவிட்டது. தலை பின்ன முடியவில்லை. மோதிர விரல் நிமிர்ந்தே இருந்தால் முடியைப் பிரித்துப் பிடிக்க வராது, தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டேன். அம்மா அதற்குத்தான் விரலைவிட அதிகமாக வருத்தப்பட்டாள். கையால் சாப்பிட முடியாது, சாம்பார் டேப்புக்குள் இறங்கிவிடும். ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டுப் பாருங்கள், பசி அடங்கும், சாப்பிட்ட மாதிரி இருக்காது. ரயிலில் வலது கையால் கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. எனக்கு நடந்த அடுத்த அசம்பாவிதம் அங்கேதான். சாயங்கால நேரம், லேடீஸ் டப்பா, குர்லாவில் ஏறின கூட்டம் என்னைக் கம்பியோடு தள்ளியது. யாருடைய பையின் வாரோ ஸ்ப்ளின்டில் மாட்டி அதை உருவிக்கொண்டு போய்விட்டது. குனிந்து தேட இடமில்லை. செம்பூர் வரும்வரை இடது கையால் விரல் நுனியைத் தாங்கிக்கொண்டு நின்றேன், ஆனால் உருவியபோதே அது குனிந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டிய நேரம். மறுநாள் வட்டம் போட்ட தேதி மாறியது.

அன்றிலிருந்து ஸ்ப்ளின்டுக்கு மேல் பக்கத்து விரலையும் சேர்த்து நடுக்கணுவுக்குக் கீழே ஒரு டேப் சுற்றிக்கொண்டுதான் ரயில் ஏறினேன். அலுவலகத்தில் கேட்டு நேரத்தை மாற்றி, காலை ஏழு மணி வண்டியைப் பிடித்தேன். முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. விரல் காயத்துக்குப் போய் நேரத்தை மாற்றச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். மேனேஜர் சிரிக்கவில்லை, அவருக்குக் கிரிக்கெட் ஆடி இதே விரல் போயிருக்கிறதாம், காட்டினார். முழு நேரக் கட்டு முடிந்த பிறகு இன்னும் சில வாரம் இரவில் மட்டும் ஸ்ப்ளின்ட். பகலில் மெல்ல மெல்ல மடக்கப் பழக வேண்டும், ஒரேயடியாகப் பந்தைப் பிசையக் கூடாது. நடுவில் பயந்து ஒரு தனியார் பிசியோதெரபிஸ்டிடம் சில தடவை போனேன், ஒரு தடவைக்கு 700. அவர் செய்யச் சொன்னதும் மாநகராட்சி மருத்துவமனையின் பிசியோதெரபி அறையில் சொன்னதும் ஒன்றுதான். இப்போது விரல் கிட்டத்தட்ட நேராக இருக்கிறது. லேசான ஒரு தொங்கலும், நகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மேடும் மிச்சம். வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த மாதங்களில் வகுப்புக்குப் போய் ஓரமாக உட்கார்ந்திருப்பேன், கால் பயிற்சி மட்டும் செய்வேன். அப்போதுதான் மற்றவர்களின் காயங்களை ஒழுங்காகக் கவனித்தேன், ஓ.பி.டி. வரிசையிலும் நிறையக் கேட்டுக்கொண்டேன். கணுக்கால் பிசகினால் எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த ஒரு விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவமனைக்குப் போன பிறகும் சரி, நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணுக்கால் மொழியின், அதாவது இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின், பின் விளிம்பிலோ நுனியிலோ எலும்பை அழுத்தினால் வலித்தாலும் எடுக்க வேண்டும். அந்த எலும்பு வலியும் இல்லை, நடக்கவும் முடிகிறது என்றால் பெரும்பாலும் எலும்பு தப்பித்தது. கையூன்றி விழுந்து கட்டைவிரல் அடியில் உள்ள பள்ளத்தில் வலித்தால் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அங்கே இருக்கும் ஸ்காஃபாய்டு என்ற சின்ன எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகும். கட்டுப் போட்டு, பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள்.

ஐஸ் பற்றி வகுப்பில் பெரிய சண்டையே நடக்கும். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் பரப்பியவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க டாக்டர். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்பாடு அவரே சொன்னார். நான் புரிந்துகொண்டது இதுதான்: வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம், மணிக்கணக்கில் வேண்டாம். முதல் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டவே வேண்டாம், உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். கால் சுண்டுவிரல் நெளிந்தால் இடையில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போடலாம், பஞ்சு இல்லாமல் போட்டால் வியர்வையில் தோல் கிழியும். ஆனால் விரல் கோணிக்கொண்டு நின்றால் அது டேப்புக்கான காயம் இல்லை.

சிரித்துவிட்டுப் போகக் கூடாத சிலதும் உண்டு. குத்து எதிராளியின் பல்லில் பட்டு விரல் முட்டி கிழிந்தால், கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். மனித வாயின் கிருமி மூட்டுக்குள் போனால் கையே சீழ் வைக்கும். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, "ஊஸ்" எல்லாம் அங்கே எடுபடாது. கையில் எங்கே அடிபட்டாலும் முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். என் தோழி ஒருத்தி நிச்சயதார்த்த மோதிரத்தை அப்படித்தான் இழந்தாள், மாப்பிள்ளை வீட்டில் அது தனிக் கதை. மழைக்காலத்தில் இன்னொன்று: வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். டெங்கு இருந்தால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும். மும்பையில் ஆகஸ்டில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

வகுப்பில் இப்போது ஒரு டப்பா வைத்திருக்கிறோம். பேப்பர் டேப், பஞ்சு, கிரேப் பேண்டேஜ், இரண்டு மூன்று அளவில் விரல் ஸ்ப்ளின்ட், கத்தரிக்கோல். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, பெற்றோர்கள் பகிர்ந்துகொண்டார்கள். பாய்களின் இணைப்பையும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம், வாரம் ஒருமுறை பிய்ந்துவிடும், திரும்ப ஒட்டுவோம். விரலை இழுக்கிற சீனியரிடம் நான் நேராகவே சொன்னேன், "சார், இனிமே யார் விரலையும் இழுக்காதீங்க" என்று. முகம் சுண்டிப்போனது, பரவாயில்லை. மாஸ்டர் கேட்டுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தடுப்புப் பயிற்சிக்கு இப்போது கையுறை கட்டாயம்.

கட்டணத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். காயம்பட்டு வராமல் இருந்த மாதங்களுக்கும் முழுப் பணம் கேட்டார்கள். சேரும்போது இதைப் பற்றி யாரும் பேசவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. பல நாள் வாட்ஸப்பில் இழுத்துப் பேசி, ஓரமாக உட்கார்ந்து கால் பயிற்சி செய்ததையும் கணக்கில் சேர்த்து, கடைசியில் பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள். பெல்ட் தேர்வுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். டிசம்பரில் வருகிறது, கட்டிவிட்டேன்.